அன்னதானமும் உணவுரிமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கத்தைக் கட்டிக் காத்துவரும் பெரியோர்களே, தாய்மார்களே, நம் மாலைப் பாடசாலையில் படித்து, இன்று ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் திரும்பி வந்து அமர்ந்திருக்கும் தம்பி தங்கையரே!

என்னை அழைக்க வந்த இளைஞர்கள் விழா அழைப்பிதழை என் கையில் கொடுத்தார்கள். கொடியேற்றம், கருத்தரங்கம், பரிசளிப்பு என்று எல்லாம் முறையாக அச்சிடப்பட்டிருந்தன. நிறைவு நாள் நிகழ்ச்சிகளில் கடைசி வரி, 'ஆயிரம் ஏழைகளுக்கு அன்னதானம்' என்பது. "யார் தம்பி இந்த ஏழைகள்?" என்று கேட்டேன். "நம் தெருவும் பக்கத்துக் காலனியும்தான் ஐயா" என்றார் ஒருவர். அந்த விடையில் கள்ளமில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நம் அத்தையையும் மாமனையும் அண்ணனையும் 'ஏழைகள்' என்று நாமே அச்சிட்டு, நாமே அவர்களுக்குத் தானம் செய்யும் நிலைக்கு வந்துவிட்டோமா? இக்கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். எனக்குத் தரப்பட்ட தலைப்பு வேறு. விழாக் குழுவினர் பொறுத்தருள வேண்டும்.

கொல்லைப்புறத்துக் கூழ்

என் பாட்டி நடவு வேலைக்குச் சென்றவர். விடியுமுன் வயலில் இறங்கினால் பொழுது சாய்ந்த பிறகே கரையேறுவார். மாலையில் நிலக்காரர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் சட்டியுடன் நிற்க வேண்டும். வீட்டு அம்மையார் எட்ட நின்று, உயரத்திலிருந்து கூழை ஊற்றுவார். பாத்திரமும் பாத்திரமும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த உயரம். சூடான கூழ் சிதறிக் கையில் பட்ட கதையைப் பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வார். அதே மூச்சில், "அந்தப் புண்ணியவதி மட்டும் இல்லையென்றால் மழைக்காலத்தில் உன் அப்பன் பிழைத்திருக்க மாட்டான்" என்றும் சொல்வார்.

சிறுவனாக இருந்தபோது எனக்கு விளங்காத கணக்கு ஒன்று பின்னாளில் விளங்கிற்று. நெல்லை விளைவித்தவர் பாட்டி. கூலியில் குறைத்த நெல்லே கொல்லைப்புறத்தில் கூழாகத் திரும்பி வந்தது. கூலியாக வந்திருந்தால் அதற்கு அளவு உண்டு. அளவு குறைந்தால் கேட்கலாம். தருமமாக வந்ததனால் கேட்பதற்கு வழியில்லை, கும்பிடுவதற்கே வழியிருந்தது.

கேட்டவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதையும் நாம் அறிவோம். அன்றைய கிழக்குத் தஞ்சையில், கூலி நெல்லைச் சற்றே உயர்த்தித் தருமாறு உழவுத் தொழிலாளர் சங்கம் அமைத்துக் கேட்டார்கள். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசையில் அடைக்கலம் புகுந்திருந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மிஞ்சிய சோற்றைக் கொல்லையில் ஊற்றினால் புண்ணியவான் என்று பெயர் வாங்கலாம். அதே நெல்லை உரிமையாகக் கேட்டால் பகைவன் என்ற பெயர் கிடைக்கும். தருமத்துக்கும் உரிமைக்கும் உள்ள தொலைவை இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் நமக்குக் கற்பிக்க முடியாது.

இதனை அண்ணல் அம்பேத்கர் முன்பே கண்டுரைத்தார். 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் மகாடு நகரில் கூடிய மாநாட்டை, குளத்து நீரைத் தொட்ட போராட்டம் என்றே நாம் நினைவுகூர்கிறோம். அம்மாநாட்டிலேயே, செத்த மாட்டின் இறைச்சியை உண்பதையும் ஊரார் வீடுகளில் மிச்சம் மீதிக்குக் கையேந்துவதையும் விட்டொழிக்கும்படி அவர் தம் மக்களை வற்புறுத்தினார். ஊர் வேலைக்குக் கூலியாக ரொட்டித் துண்டுகளைப் பெறும் வழக்கம் நீடிக்கும்வரை, அடிமைத்தனமும் நீடிக்கும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

அறமும் கணக்கும்

இவ்வாறு கூறுவதனால், பசித்தவனுக்குச் சோறிடுவதையே நான் பழிப்பதாக எண்ண வேண்டா. நம் மரபில் உயர்ந்த ஈகை உண்டு. மணிமேகலைக் காப்பியத்தை நம் மாணவர்கள் படித்திருப்பார்கள். அமுதசுரபியைப் பெற்ற மணிமேகலை, ஆதிரையிடம் முதற்பிச்சை ஏற்று, தீராப் பசிநோயால் வாடிய காயசண்டிகையின் துயர் தீர்த்தாள். பிறகு மன்னனிடம் சென்று, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்தாள். சோறிடுவதோடு அவள் பணி முடிந்துவிடவில்லை. அரசின் ஓர் அமைப்பையே மாற்றிய பின்னரே அமைந்தாள். அவ்வாறே 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வள்ளலார் வடலூரில் தொடங்கிய தருமச்சாலையில் சாதி கேட்டு இலை போடுவதில்லை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

ஆனால், வள்ளலார் அடுப்பு மூட்டிப் பத்தாண்டு நிறைவதற்குள் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். நிலமற்ற கூலி மக்களே முதலில் வீழ்ந்தார்கள். அரசு நிவாரண வேலைகளைத் திறந்தது. செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், மண் வெட்டும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று விதித்தார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இக்கூலியில் உடல் உழைக்க முடியாது என்று வாதாடினார். உழைத்தவர்களை எவரும் கேட்கவில்லை. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, அப்பஞ்ச காலத்தில் பட்டினி மக்கள் வெட்டியதே. அதே ஆண்டுகளில் இந்நாட்டின் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது.

பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம் முதலியவற்றை ஆராய்ந்து 1981இல் ஒரு நூல் வெளியிட்டார். நாட்டில் உணவு இல்லாமற் போவதனால் மட்டும் மக்கள் சாவதில்லை. இருக்கும் உணவைப் பெறுவதற்கான வழியும் உரிமையும் அற்றுப்போவதனால் சாகிறார்கள் என்பதே அவர் முடிபு. நம் பாட்டிமார் கொல்லைப்புறத்தில் நின்று கற்ற பாடமும் இதுவே.

ஆகவே, உணவுதவி என்று எவர் எதனைக் கொண்டுவந்தாலும் மூன்று கேள்விகளை நாம் கேட்க வேண்டும். கரண்டி யார் கையில்? பட்டியல் யார் கையில்? கணக்கு யார் கையில்?

கரண்டி யார் கையில்?

தமிழ்நாட்டில் உணவுதவி உரிமையாக வளர்ந்த கதை பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. 1920ஆம் ஆண்டு, சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23இல் 811ஆக இருந்த அப்பள்ளிகளின் மாணவர் தொகை, 1924-25இல் 1,671ஆக உயர்ந்தது. எனினும், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடலாகாது என்று அன்றைய அரசு மறுத்ததால், 1925 ஏப்ரல் முதல் நாள் சிற்றுண்டி நின்றது. கொடுப்பவர் கையெழுத்தை நிறுத்தியதும் பிள்ளையின் இலை வெறுமையாயிற்று.

1956இல் காமராசர் காலத்தில் மதிய உணவு மாநிலம் முழுவதற்கும் வரத் தொடங்கியது. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. இடையில், 2001 நவம்பர் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் ஆணையிட்டது. நூறாண்டுப் பயணத்தில், ஒரு நகராட்சியின் கருணை, குழந்தையின் உரிமையாயிற்று. நம் சங்கத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுள் சத்துணவுத் தட்டைத் தூக்காதவர் எத்தனை பேர்? அதற்காக எவரும் நாண வேண்டியதில்லை. அது யாரும் உயரத்திலிருந்து ஊற்றிய கூழ் அன்று. பக்கத்துப் பிள்ளையோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்ட உணவு.

ஆயினும் அந்த வரிசையிலும் சாதி வந்து உட்காரப் பார்க்கிறது. 2004 ஏப்ரல் 20ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையில், சமையலர், உதவியாளர் பணிகளில் தலித், பழங்குடி மக்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டத்தின் அரசுப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் பெண் ஒருவர் சமைக்க வந்தபோது, சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள். அவரை இடமாற்றம் செய்தார்கள். மக்கள் போராடிய பிறகே அந்த இடமாற்றம் நீக்கப்பட்டது. சோறு அரசினுடையது, அரிசி அரசினுடையது, பள்ளியும் அரசினுடையது. இருந்தும் கரண்டியைப் பிடித்த கையைப் பார்த்தே சிலர் சோற்றை மதிப்பிட்டார்கள். எனவே, சமையற்கூடத்தில் நம் பெண்கள் நிற்பதை ஒரு சிறு வேலைவாய்ப்பு என்று மட்டும் எண்ணாதீர்கள். அவர்கள் கரண்டியைப் பிடித்து நிற்கும் இடம், மகாடு குளத்துக் கரைக்கு ஒப்பானது.

பட்டியல் யார் கையில்?

இரண்டாவது கேள்விக்கு விடை தேட, வெண்மணி அமைந்த அதே நாகை மாவட்டத்துக்குச் செல்வோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. உலகெங்குமிருந்து உதவி குவிந்தது. கட்டிய துணிகள் மலைபோல் வந்து சாலையோரங்களில் கொட்டப்பட்டு, எடுப்பாரின்றி நனைந்து கிடந்தன. அனுப்பியவர்கள் நல்லவர்களே, தேவை என்ன என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. மறுபுறம், படகையும் வலையையும் இழந்தோர் பட்டியலில் இடம்பெற்றார்கள். உப்புநீர் புகுந்த வயலில் வேலையை இழந்த கூலித் தொழிலாளர் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். முகாம்களிலும் நிவாரண வரிசைகளிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்ட செய்திகளை அக்காலத்து இதழ்களும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளும் பதிவு செய்துள்ளன. கடல் வேற்றுமை பார்க்கவில்லை. பட்டியல் பார்த்தது.

பட்டியலை மக்களே எழுதினால் என்ன நிகழும் என்பதற்கும் சான்று உண்டு. இன்றைய தெலங்கானாவில் சாகீராபாத் வட்டாரத்துக் கிராமங்களில், டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்னும் அமைப்பின் பெண்கள் சங்கங்கள் உள்ளன. உறுப்பினருள் பெரும்பாலோர் தலித் பெண்கள். எழுதப் படிக்க அறியாதவர் பலர். நியாயவிலைக் கடையின் அரிசியையே நம்பியிருந்த அவர்கள், 1990களில் தரிசாகக் கிடந்த தங்கள் புன்செய் நிலங்களை உழத் துணிந்தார்கள். உழவுக்கும் எருவுக்கும் விதைக்கும் சங்கத்தின் வழியாக முன்பணம் கிடைத்தது. அக்கடனை அவர்கள் பணமாகச் செலுத்தவில்லை. சில ஆண்டுகளில் சோளமாகத் திருப்பி ஊர்க் களஞ்சியத்தில் சேர்த்தார்கள். வேலையற்ற மாதங்களில் அச்சோளம் குறைந்த விலைக்கு வறியோரைச் சென்றடைந்தது. யார் மிக வறியவர் என்பதை முடிவு செய்ய எந்த அதிகாரியும் வரவில்லை. பெண்களே ஊர்த்திடலில் அமர்ந்து, தரையில் ஊரின் படத்தை வரைந்து, ஒவ்வொரு வீட்டின் நிலையையும் அனைவர் முன்னிலையிலும் பேசித் தீர்மானித்தார்கள். 2019இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அச்சங்கங்களுக்குக் கிடைத்தது. பரிசினும் பெரிது, உதவி பெறுவோர் என்று எழுதப்பட்டிருந்தவர்கள் உதவியை நடத்துவோர் ஆனது.

என் பிழை

மூன்றாவது கேள்விக்குச் செல்லுமுன், என் பிழை ஒன்றை இந்த அவையில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன். 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது நானும் நண்பர்களும் பணம் திரட்டி அரிசிப் பைகள் வழங்கினோம். தேவை உண்மையானது, நோக்கமும் தூயது. ஆனால், பை வாங்கியவர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தோம். பணம் தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்பது எங்கள் எண்ணம். வரிசையில் ஒரு மூதாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "அம்மா, முகம் தெரியவில்லை, துணியை எடுங்கள்" என்று நானே சொன்னேன். எடுத்தார். சிறு வயதில் என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த எங்கள் தெருச் சின்னம்மா அவர். "நீயா தம்பி?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

என் பாட்டியின் சட்டிக்கும் அந்த அம்மையாரின் பானைக்கும் இடையே இருந்த உயரத்தை, எனக்கும் சின்னம்மாவுக்கும் இடையே நானே உண்டாக்கினேன். கணக்கை யாருக்குக் காட்ட வேண்டும் என்பதில்தான் நான் தவறினேன். பணம் தந்தவர்களுக்குக் காட்டினேன். அரிசி பெற்றவர்களுக்குக் காட்டவில்லை. எவ்வளவு பணம் வந்தது, என்ன வாங்கினோம் என்று அவர்களிடம் சொல்லியிருந்தால், அரிசி நியாயவிலைக் கடையில் கிடைக்கிறது, எங்களுக்கு மருந்தும் எண்ணெயும் வேண்டும் என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள்.

கணக்கு யார் கையில்?

சட்டம் இன்று கணக்குக் கேட்கும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய தானியம் கிடைக்காவிடில் அதற்கீடாக உதவித்தொகை பெறும் உரிமையைக் கூறுகிறது. குறை கேட்க மாவட்ட அளவில் அலுவலர் உண்டு. நியாயவிலைக் கடையைச் சமூகத் தணிக்கை செய்யவும், கண்காணிப்புக் குழு அமைக்கவும் அதில் இடமுண்டு. பதினெட்டு வயது நிறைந்த மூத்த பெண்ணே குடும்ப அட்டையின் தலைவி என்கிறது அச்சட்டம். 1997இல் நடுவண் அரசு, வறுமைக் கோட்டை வைத்து மக்களைப் பிரித்தபோதும், தமிழ்நாடு அனைவருக்குமான நியாயவிலைக் கடையைக் கைவிடவில்லை. 'நீ ஏழை என்று மெய்ப்பி' என்று எவரையும் கேளாத கடை அது. அதன் அருமையை நாம் உணர வேண்டும். அதன் குறைகளையும் நாமே கேட்க வேண்டும்.

நம் சங்கம் செய்யத்தக்கன என்று மூன்றைக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, மாலைப் பாடசாலையில் வாரம் இரு நாள் ஓர் உதவி மேசை. கைரேகை பதியாமல் திருப்பியனுப்பப்படும் முதியோர், தனித்து வாழும் பெண்கள், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு பெயர்ந்து செல்வோர் ஆகியோரே கடை வரிசையில் முதலில் விடுபடுகிறார்கள். மனு எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல், எழுதக் கற்றுக்கொடுங்கள். ஒருவருக்கு எழுதிய மனு ஒரு வீட்டுக்கு உதவும். எழுதக் கற்ற ஒருவர் ஒரு தெருவுக்கே உதவுவார்.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டப்படி அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதி இடம் பெண்களுக்கு. நம் தாய்மார்கள் அங்கே சென்று அமர வேண்டும். முறை வைத்துச் சத்துணவைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பிள்ளையாவது தனித்து உட்கார வைக்கப்பட்டால் அன்றே கேட்க வேண்டும்.

மூன்றாவது, பிடியரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளுக்குப் புதியதன்று. ஒரு பிடி ஐம்பது கிராம் என்று கொள்வோம். நூறு வீடுகளில் நாளொன்றுக்கு 5 கிலோ. திங்களுக்கு 150 கிலோ. ஆண்டுக்கு 1,800 கிலோ. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூலி வேலை இல்லாத வீடுகள் அதிலிருந்து வட்டியின்றிக் கடனாகப் பெறட்டும். தை, மாசியில் அறுவடைக் கூலி வந்ததும் அளந்து திருப்பட்டும். கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே நூறு வீட்டார். சாவி பெண்களிடம் இருக்கட்டும். கணக்கு, சங்கத்தின் சுவரில் எல்லோரும் படிக்கும்படி எழுதப்படட்டும். திருப்ப முடியாதவர் இருப்பார், மனத்தாங்கலும் வரும். வந்தால், கூடிப் பேசித் தீர்ப்போம். அப்பேச்சும் கல்வியே.

"வெள்ளம் வந்து வீடு மூழ்கும்போதும் இவ்வாறு கேள்வி கேட்டுக்கொண்டிருப்பதா?" என்று சிலர் வினவலாம். வேண்டா. பசித்தவன் முன் முதலில் இலையைப் போடுங்கள். ஆனால், மூன்றாம் நாள் உண்டவர்களையே அழைத்து, நாளை என்ன சமைக்கலாம், யார் சமைப்பது, யார் விடுபட்டார் என்று கேளுங்கள்.

நிறைவாக, அழைப்பிதழின் கடைசி வரிக்கு வருகிறேன். சமையலை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விழா என்றால் விருந்து வேண்டும். அந்த வரியை மட்டும் அடித்து, 'ஊர்ப் பொதுவிருந்து' என்று எழுதுங்கள். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வரட்டும். வசதியுள்ளவர் பருப்பும் காயும் சேர்க்கட்டும். பரிமாறியவர்கள் அடுத்த பந்தியில் உட்காரட்டும். உண்டவர்கள் எழுந்து பரிமாறட்டும். பட்டம் பெற்ற தம்பிமார் இலை எடுக்கட்டும். எங்கள் சின்னம்மாவையும் அழைத்து வருகிறேன். இம்முறை அவரைப் பந்தியில் என் பக்கத்தில் அமர்த்தி உண்பேன்.

இருபத்தைந்து ஆண்டுகள் எழுத்தறிவித்த இச்சங்கம், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் தன் மக்களைக் கணக்குக் கேட்கப் பழக்கட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.

ஜெய் பீம்!